பெரிசை ஊதக் கற்ற மத்தியானங்கள்

என் கணவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, பார்வை போய்விடுமா என்று அவர் கேட்கவில்லை. ஊதலாமா என்றுதான் கேட்டார். டாக்டர் சீனப் பெண். எதை ஊதுவீர்கள் என்று மலாயில் கேட்டார். என் கணவர் இரண்டு கைகளையும் வளைத்து, மடியில் கனத்த பிள்ளையை உட்கார வைத்திருப்பதுபோல் காட்டி, உதட்டைக் குவித்தார். புரிந்ததும் டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். மூச்சை அழுத்தி ஊதும் வேலை இனி ஆகாது, கனமானதைத் தூக்கவும் கூடாது என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கிள்ளானில் எங்கள் பிளாட்டுக்கு வந்ததும் மருந்தை மேசையில் வைத்துவிட்டு இவர் நேரே படுக்கையறைக்குப் போனார்.

இவர் ஊதிக்கொண்டிருந்தது யூபோனியம். எங்கள் கிறிஸ்தவ சபையின் பித்தளை வாத்தியக் குழுவில் அடிக்குரல் கொடுப்பது அதுதான். அந்தப் பெயர் என் வாயில் நுழையாது. நான் பெரிசு என்பேன். இவரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார். எங்களுக்குக் கல்யாணமான மறு வருடம் அது வீட்டுக்கு வந்தது. மகள் பிறப்பதற்கும் முன்னால். கறுப்புப் பெட்டியில் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். இவர் ரயில்வே வேலைக்குப் போன நேரத்தில் அதைத் துணியால் துடைத்து வைப்பது என் வேலை. எத்தனையோ வருடம் துடைத்திருக்கிறேன். ஒரு நாளும் அதில் வாய் வைத்ததில்லை.

பெரிசு எங்களுடையது அல்ல, சபையுடையது. யார் ஊதுகிறார்களோ அவர்கள் வீட்டில் அது இருக்கும். ஊதுகிறவர் நின்றுவிட்டால் அதுவும் போய்விட வேண்டும். இது எழுதாத சட்டம்.

ஜனவரி மாதம் குழுவை நடத்துகிற டீச்சர் வீட்டுக்கு வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, கையில் இருந்த ஆரஞ்சுப் பையைக் கீழே வைக்கவும் தெரியாமல் இருந்தார்.

"அங்கிள், எப்படிச் சொல்றதுன்னே தெரியல. சிரம்பான் சபையில யூபோனியம் இல்லையாம். கேக்குறாங்க."

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. சும்மா கிடந்து என்ன பண்ணப் போகுது."

இவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டரைப் பார்த்துவந்த நாளிலிருந்து இவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். சாயங்காலமானால் பெட்டியைத் திறப்பார். பெரிசின் மூன்று கட்டைகளையும் விரலால் அழுத்தி, ஊதாமலே ஒரு பாட்டு முழுவதையும் வாசிப்பார். கட்டைகள் மட்டும் தொப்பு தொப்பு என்று சத்தம் கொடுக்கும். பிறகு பெட்டியை மூடிவிடுவார். அந்தப் பெட்டி வீட்டைவிட்டுப் போனால் இவரிலும் பாதி போய்விடும் என்று எனக்குப் பட்டது.

அடுப்படி வாசலில் தட்டோடு நின்றபடி, "நான் ஊதுனா?" என்றேன்.

டீச்சருக்குக் கேட்கவில்லை. "என்ன ஆன்டி?"

"ஒண்ணுமில்ல," என்றார் இவர். "தேத்தண்ணிக்குச் சீனி பத்துமான்னு கேக்குறா."

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் அல்ல. சபையில் ஜெபம் செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று தூணுக்குப் பின்னால் உட்காருகிறவள். இருந்தும் இன்னொரு தடவை சொன்னேன். "இந்த வீட்ல யாராச்சும் ஊதுனா பெரிசு இங்கயே இருக்குமான்னு கேட்டேன்."

இவர் சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பையை ஒருவழியாகக் கீழே வைத்தார்.

"ஈஸ்டர் வரைக்கும் டைம் ஆன்டி. கல்லறைத் தோட்டத்துல விடியக்காலையில ஒரே ஒரு பாட்டு. நீங்க எங்களோட சேந்து அதை ஊதிட்டா, நான் சிரம்பானுக்கு இல்லைன்னு சொல்லிடுறேன். ஊத முடியலைன்னா மட்டும் கோவிச்சுக்கக் கூடாது, ஓகே லா?"

அவர் போன பிறகு இவர் என்னைப் பார்த்து, "பேத்தி பொறந்தநாளுக்கு ஒரு பலூன் ஊதச் சொன்னா தலை சுத்துதுன்னு உக்காந்தவதானே நீ?" என்றார்.

"அது ரப்பர். இது பித்தளை," என்றேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பகல் மூன்று மணியை எடுத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் பிளாட் முழுவதும் அசந்து கிடக்கும். வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். மேல்மாடித் துணிகள் காற்றில் அசையும் நிழல் எங்கள் அடுப்படிச் சுவரில் மெதுவாக ஏறி இறங்கும். இவர் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார். நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவேன்.

முதல் இரண்டு வாரம் பெரிசைத் தொடவே விடவில்லை. வாய் வைக்கிற சின்னக் கிண்ணம்போன்ற துண்டை மட்டும் கழற்றிக் கையில் கொடுத்தார். உதட்டை மூடி, ஓரங்களை இறுக்கி, நடுவில் மட்டும் காற்று நடுங்கிப் போக வேண்டும். எனக்குப் புஸ் என்று காற்றுதான் வந்தது. நாலாம் நாள் திடீரென்று உதடு தேனீபோல் இரைந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். இவர் கண்ணைத் திறக்காமலே, "அதுதான். பயப்படாத, கடிக்காது," என்றார்.

அடுத்த வாரம் கீழ்வீட்டுப் பெண் மேலே ஏறி வந்தார். "அக்கா, ஒங்க வீட்டுப் பைப்ல காத்து அடைச்சிருக்கு போல. தெனம் மூணு மணிக்கு ஒரு மாதிரி உறுமுது. பைப் ரிப்பேர் பண்றவனைக் கூப்பிட்டிருக்கேன், ஒங்களுக்கும் பாக்கச் சொல்லவா?" என்றார். நான் அந்தச் சின்னக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். "வேணாம்மா," என்றார் இவர். "அது பழைய பைப்பு. நானே பாத்துக்குறேன்."

பெரிசை மடியில் வைத்த நாளை மறக்க முடியாது. துடைக்கும்போது தெரியாத கனம் ஊதும்போது தெரிந்தது. அதன் வளைவில் எங்கள் அடுப்படி முழுவதும் தெரிந்தது. ஜன்னல் முட்டையாக, இவர் நூல்போல நீண்டு, அடுப்பு எங்கேயோ கடலுக்கு அப்பால் இருப்பதுபோல. கட்டை எதையும் அழுத்தாமல் ஊதச் சொன்னார். ஊதினேன். சத்தம் வாயிலிருந்து வருவதாகவே தெரியவில்லை. மடியிலிருந்து, ஸ்டூலிலிருந்து, தரையிலிருந்து வந்தது. துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று தூக்கத்தில் புரண்டு படுத்ததுபோல இருந்தது. காற்று தீர்ந்த பிறகும் சுவரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

இவர் பழக்கும் முறை எனக்கு விநோதமாக இருந்தது. ஒரே ஒரு சுரம். அதை ஊதுவதற்கு முன்னால் மனதுக்குள் கேட்க வேண்டும். அதற்காக ஒரு டம்ளரில் தண்ணீர் அளந்து ஊற்றி, கரண்டியால் ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் அடங்கியபின் அது எனக்குள் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்வார். ஓடினால்தான் ஊதலாம். எவ்வளவு நேரம் ஊதினேனோ அவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் எழுந்து அரிசி களையப் போனால் கோபம் வரும். "எங்க ஓடுற? ஒதடு இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கு. இடைஞ்சல் பண்ணாத."

சும்மா இருப்பது எனக்குத் தெரியாத வேலை. கேரி தீவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். ஆறாம் வகுப்போடு உதிரிப் பழம் பொறுக்கப் போய்விட்டேன். கை பொறுக்கும், மனம் எங்கேயோ திரியும். அப்படி இருந்தால்தான் வெயில் தெரியாது. சமையலும் துணியும் பிள்ளையும் அப்படியே நடந்தன. அதே பழக்கத்தில்தான் பெரிசையும் ஊதினேன். ஒரு வரியை முப்பது தடவை ஊதினால் வந்துவிடும் என்று நினைத்து, விடாமல் ஊதினேன்.

"நிறுத்து," என்றார் ஒரு நாள். "நீ ஊதல. துணி தொவைக்கிற."

"சரியாத்தானே வந்துச்சு?"

"சரியாத்தான் வந்துச்சு. நீதான் அங்க இல்ல. எங்க போயிட்ட?"

நான் மனதால் காஜாங்கில், மகள் வீட்டில் இருந்தேன். மகள் காலையில் போன் செய்து, பேத்திக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள். அதைச் சொன்னதும், "அதான் பாத்தேன், நடுவுல காத்து மெலிஞ்சிருச்சு," என்றார்.

முதலில் நம்பவில்லை. சோதித்துப் பார்த்தேன். ஊதும்போது வேண்டுமென்றே பாசார் சந்தையில் மீன் வாங்குவதை நினைத்தேன். "போயிட்ட," என்றார் உடனே. செத்துப்போன என் அம்மாவை நினைத்தேன். இந்தத் தடவை இவர் தணிந்த குரலில், "தூரமாப் போயிட்ட. மெதுவா வா," என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் என்ன நினைக்கிறேன் என்று இவர் கேட்டதில்லை. கெட்ட மனிதர் அல்ல, கேட்கத் தோன்றாது, அவ்வளவுதான். நானும் சொன்னதில்லை. இப்போது கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு என் மூச்சின் வழியே என் பின்னாலேயே வந்தார். அந்த மத்தியானங்களில் மழை பிடித்துக்கொள்ளும். ஜன்னலை மூட மாட்டோம். ஒரு சுரம், பிறகு மழை, பிறகு ஒரு சுரம். மனம் விலகினால் அதைத் திட்டாமல் திரும்பக் கூட்டி வரக் கற்றுக்கொண்டேன். ஊதுவது ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான். உதட்டில் சிவப்பு வளையம் விழுந்தால் அழுத்திவிட்டாய் என்பார். அன்றைக்கு அத்தோடு முடிந்தது.

வாத்தியக் குறிப்பு எனக்குப் படிக்கத் தெரியாது. இவர் சொல்லச் சொல்ல, கோடு போட்ட நோட்டில் விரல் கணக்கைப் பெரிதாக எழுதிக்கொண்டேன்: ஒன்று, ஒன்று இரண்டு, வெறும் கை. பாட்டின் ராகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. சிறுவயதிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பாடிய பாட்டு. தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்.

அதுதான் என்னைக் கவிழ்த்தது.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது குழுவோடு சேர்ந்து ஊத வரச் சொன்னார்கள். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினோம். நான் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளைத் தாண்டிச் சபை மண்டபத்துக்கு நடந்தோம். இவருடைய நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். இவர் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதல் வரி போயிற்று. வரி முடிவில் எல்லாரும் நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. எனக்கு அந்த இடம் இன்னும் முடியவில்லை. அவர்கள் அடுத்த வரியைத் தொடங்கியபோது நான் பழைய வரியின் கடைசியிலேயே நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது வரியிலும் அப்படியே. கடைசியில் எல்லாரும் ஓய்ந்த மண்டபத்தில் என் பெரிசு மட்டும் தனியாக முழங்கிக்கொண்டிருந்தது.

"ஆன்டி," என்றார் பக்கத்தில் டிராம்போன் ஊதுகிறவர், "நாங்க எல்லாம் சென்ட்ரல்ல எறங்கிட்டோம். நீங்க இன்னும் ட்ரெயின்லயே போறீங்களே?"

மண்டபம் சிரித்தது. டீச்சர் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, குச்சியால் எண்ணிக் காட்டினார். மறுபடி ஊதினோம். மறுபடியும் நான் நின்றேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஆன்டி, நீங்க பொம்பளைங்க பக்கத்துல எந்த வரிசையில உக்காருவீங்க?"

"மூணாவது. தூணுக்குப் பின்னால."

"அதான். அந்தப் பாட்டிங்க எல்லாம் வரி முடிவுல இழுத்து, மூச்சு வாங்கி, அப்புறந்தானே அடுத்த வரிக்கு வருவாங்க? நீங்க அவங்களோட சேந்து ஊதுறீங்க. எங்களோட இல்ல."

உண்மைதான். எங்கள் சபையில் பெண்கள் பக்கம் எப்போதும் ஒரு மூச்சு பின்னால்தான் வரும். அந்த இழுவைதான் பாட்டு என்று நினைத்திருந்தேன். வீட்டில் தனியாக ஊதும்போது அது இவருக்கும் தவறாகத் தெரியவில்லை. நான் நீட்டிப் பழகுகிறேன் என்று நினைத்துவிட்டாராம்.

திரும்பி வரும்போது ரயிலில் சொன்னேன். "சிரம்பானுக்கே குடுத்துடலாம். எனக்கு வராது."

இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் சுபாங்கைத் தாண்டியது. பிறகு, "குடுத்துட்டா மூணு மணிக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

நான் பெட்டியின் பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கற்றதை மறப்பது கற்பதைவிடச் சிரமம். முப்பது தடவை ஊதினால் முப்பது தடவையும் பழைய இடத்திலேயே போய் நின்றது. அதனால் பாட்டையே விட்டுவிட்டோம். வரி முடியும் அந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்தோம். கடைசிச் சுரம், நிறுத்தம், அடுத்த வரியின் முதல் சுரம். அவ்வளவுதான். இவர் நாற்காலிக் கையில் விரலால் நாலு எண்ணுவார். நாலாவதில் நான் மூச்சை எடுத்துவிட வேண்டும். மனம் தூணுக்குப் பின்னால் ஓடி அந்தக் கிழவிகளோடு உட்கார்ந்துகொள்ளும்; திரும்பக் கூட்டி வருவேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் முழுதாக. பத்து நாளில் ஒரு மத்தியானம், நான் நிறுத்த வேண்டும் என்று நினைப்பதற்கு முன்னாலேயே மூச்சு தானாக நின்றது. நின்ற இடத்தில் ஒரு வெள்ளை இடைவெளி. மேல்மாடித் துணிகள் படபடக்கும் சத்தம் அதற்குள் கேட்டது. இவர் விரல் நாற்காலிக் கையில் ஐந்தாவது தடவையாக ஒருமுறை தட்டியது.

ஈஸ்டர் விடியலில் மகள் காஜாங்கிலிருந்து காரில் வந்து எங்களைக் கூட்டிப்போனாள். "மா, கை நடுங்குதே மா. பேசாம உக்காந்து பாருங்களேன் மா," என்றாள். "நடுங்குனா நடுங்கட்டும், ஒதடு நடுங்கக் கூடாது," என்றேன். இவர் சொல்வது என் வாயில் வந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் மூடுபனி முழங்கால்வரை நின்றது. ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவத்தி. பனிக்குள் வெளிச்சம் பஞ்சுப் பொட்டுகள்போல மிதந்தது. ஜனங்கள் முகம் தெரியாமல் நிழலாக நின்றார்கள். யார் உயிரோடு வந்தவர்கள், யார் இங்கேயே இருப்பவர்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தபோது பெரிசு சில்லென்று இருந்தது. அதைச் சூடாக்க, சத்தம் வராமல் உள்ளே மூச்சை விட்டேன்.

டீச்சர் கையை உயர்த்தினார். தொடங்கினோம்.

முதல் வரி முடிவில் நிறுத்தினேன். ஜனங்கள் நிற்கவில்லை, வழக்கம்போல் இழுத்தார்கள். எனக்கு டீச்சர் கை மட்டும் தெரிந்தது. இரண்டாவது வரியில் ஒரு விரல் வழுக்கிவிட்டது; அதன் பின்னால் போகாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது வரி. அப்போது எனக்கு இடப்பக்கம், மகள் நின்ற பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் எழுந்தது. கரகரவென்று, சுருதிக்கு ஒரு முழம் கீழே, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு திசையில் போய்க்கொண்டிருந்தது.

என் கணவர் பாடினார்.

வாழ்நாள் முழுவதும் ஈஸ்டரில் இவர் வாயில் பெரிசு இருந்தது. இவர் பாடி நான் கேட்டதே இல்லை. சுரத்தைப் பாடிக் காட்டாமல் டம்ளரில் எதற்குத் தண்ணீர் ஊற்றித் தட்டினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. சிரித்தால் உதடு பிரிந்துவிடும். பிரிந்தால் பெரிசு போய்விடும். பயம் வரும் என்று தயாராக வந்திருந்தேன். சிரிப்பு வரும் என்று யாரும் சொல்லவில்லை. திட்டாமல் அதையும் கூட்டிக்கொண்டேன். மூச்சு கீழே இறங்கியது. கடைசிச் சுரம் மடியிலிருந்து எழுந்து பனிக்குள் போயிற்று. டீச்சரின் கை மூடியது. நின்றேன்.

நான் நின்ற பிறகும் ஜனங்கள் ஒரு மூச்சு நீளம் பாடிக்கொண்டிருந்தார்கள். எழுபது வருடமாக நானும் அதற்குள்தான் இருந்தேன். வெளியே நின்று அதைக் கேட்டது அன்றுதான். பெரிய வண்டி ஒன்று மெதுவாக நிலையம் வந்து நிற்பதுபோல இருந்தது.

ஆராதனை முடிந்து, ரொட்டியும் கோப்பியும் கொடுத்தார்கள். டீச்சர் கோப்பையோடு எங்களிடம் வந்தார்.

"ஆன்டி, சிரம்பானுக்கு நான் இன்னைக்கே சொல்லிடுறேன். பெரிசு ஒங்க வீட்லயே இருக்கட்டும். வியாழக்கிழமை ஏழு மணிக்கு பிராக்டிஸ், லேட்டா வரக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ரெண்டாவது வரி இன்னும் சுத்தமா இல்ல," என்றார்.

"நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார் என் கணவர், பெரிய வித்வான்போல.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "டீச்சர், இவர் பாடுனதைக் கேட்டீங்கள்ல?" என்றேன். "அதுக்கு நடுவுல நான் கடைசி வரைக்கும் வந்து சேந்தேனே, அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

டிராம்போன்காரர் கோப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

"ஏன், நல்லாத்தானே பாடுனேன்?" என்றார் இவர்.

"அப்பா," என்றாள் மகள், "வேணாம் ப்பா."

அன்றைக்கும் மூன்று மணிக்கு இவர் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்தார். இரண்டாவது வரியை எடுத்தோம். மழை விடும்வரை பார்த்தோம். சுத்தமாகவில்லை.